பாடுகிறவர் எங்கே?

“தாளம் நன்றாய்க் கேட்கிறது. பாடுகிறவர் எங்கே?”

என் தகப்பனார் இப்படிக் கேட்டபோது பாட்டு அவருக்கு எட்டடி தூரத்தில் நடந்துகொண்டிருந்தது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் தம்பி சென்ற தீபாவளிக்கு வாங்கி வந்த ஒலிக் கருவியின் அரங்கேற்றம் அன்று. ஓர் ஆம்ப்ளிபயர், இரண்டு ஸ்பீக்கர்கள், இவை போதாவென்று கனமான நாதத்துக்காகவே தனியாக ஒரு பெட்டி. அதற்குச் ‘சப் ஊபர்’ என்று பெயராம். ஆம்ப்ளிபயரைத் தம்பி அஞ்செட்டி மலைப்பாதையின் வளைவுகளிலெல்லாம் கைக்குழந்தையைப் போல மடியிலேயே வைத்துக்கொண்டு நாட்றாம்பாளையம் வந்து சேர்ந்தான். மிருதங்கத்தின் தொப்பியில் ஓர் அடி விழுந்தால் எங்கள் கூடத்து அலமாரிக் கண்ணாடி பதில் சொல்லிற்று. அவ்வளவு சக்தி!

“அப்பாவுக்குக் காது போய்விட்டது, அண்ணா” என்று தம்பி தீர்ப்புச் சொன்னான். அப்பாவுக்கு வயது 83. நானும் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு கூடத்தில் பாட்டு ஆரம்பமானால் அவர் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். “நீங்கள் கேளுங்கள்” என்பார். இரண்டு மாதம் இப்படி நடந்தது. எங்களில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை என்பதை இப்போது எழுதக் கூசுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியில் ‘ஔவையார்’ படத்துப் பாட்டு ஒன்றை வைத்தாள். கே. பி. சுந்தராம்பாள் பாடியது. 1953-ஆம் வருஷத்தில் வந்த அந்தப் படத்தை அப்பா சிறு பையனாக டூரிங் கொட்டகையின் மணல் தரையில் உட்கார்ந்து பார்த்தவர். கைப்பேசியிலிருக்கும் ஸ்பீக்கர் விரல் நகத்தளவுதான் இருக்கும். ஆனால் அப்பா ஒவ்வொரு சொல்லையும் கூடவே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்!

விரல் நகத்தளவு ஸ்பீக்கரில் விளங்குகிற பாட்டு, கூடத்து மேளதாளத்தில் விளங்கவில்லையென்றால் குற்றம் காதில் மட்டும் இல்லை அல்லவா? அன்று மாலை நான் துப்பறிய ஆரம்பித்தேன்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆகையால் உயிரெழுத்து, மெய்யெழுத்து என்றுதான் எனக்குச் சொல்ல வரும். பாட்டில் உயிரெழுத்துக்கள் வலுவுள்ளவை. அவற்றின் பலமெல்லாம் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே இருக்கிறது. மெய்யெழுத்துக்கள் மெலிந்தவை. ‘பல்’லா, ‘கல்’லா என்று பிரித்துக் காட்டுகிற நுட்பம் ஏறக்குறைய 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையில் உள்ள பிரதேசத்தில்தான் அதிகம் வாசம் செய்கிறது. வயதானவர்களுக்கு முதலில் மங்குவது மேலேயுள்ள ஸ்தாயிகள். அதாவது உயிர் கேட்கும்; மெய் நழுவும். போதாக்குறைக்குக் கனமான ஓசை ஒன்று ஓங்கி ஒலித்தால், அது தனக்கு மேலேயுள்ள மெல்லிய ஓசைகளை மூடி மறைத்துவிடும். கைப்பேசியின் சிறு ஸ்பீக்கருக்குக் கனத்த ஓசையை எழுப்பச் சக்தியே கிடையாது. அதன் ஏழ்மைதான் அப்பாவுக்கு உபகாரமாக இருந்தது.

சுந்தராம்பாள் ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடைகளில் பாடிப் பெயர் எடுத்தவர். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவனுக்கும் சொல் சொல்லாய்ப் போய்ச் சேர்ந்த அந்தச் சாரீரம், இத்தனை வாட் மின்சாரத்தின் துணையுடன் எட்டடி தாண்டவில்லை! குரல் என்னவோ தட்டில் முழுசாகத்தான் இருக்கிறது. அதன் மேல் நாம் எதையெதைப் போட்டு மூடியிருக்கிறோம் என்று பார்ப்பதுதான் காரியம்.

முதலில் சோதித்தது கம்பிகளை. 1953-ஆம் வருஷத்துப் பாட்டு ஒற்றைத் தடத்தில் பதிவானது. ஆகையால் இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒன்றே போல் வரும். அப்படி வந்தால் நடுவே வெறும் சுவர் இருக்கும் இடத்தில் பாடகி நின்று பாடுவதாகத் தோன்ற வேண்டும். இரண்டு காதுகளையும் இப்படி ஏமாற்றும் வித்தைக்கு ஆலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேயர் 1931-இலேயே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். எங்கள் கூடத்திலோ சுந்தராம்பாள் எங்கேயும் நிற்கவில்லை. குரல் தலைக்குப் பின்னாலிருந்து வருவது போலவும், அறை முழுவதும் ஆவியாய்ப் பரவியது போலவும் இருந்தது. வலது ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு முனையில் கறுப்புக் கம்பி. கறுப்பு முனையில் சிவப்புக் கம்பி! ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றொன்று பின்னால் இழுத்தால் நடுவில் நிற்பவர் என்ன ஆவார்? திரைப்பாட்டிலிருந்து குரலை நீக்கி இசையை மட்டும் கொடுக்கும் கருவிகள் ஒரு தடத்திலிருந்து மற்றொன்றைக் கழித்துத்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அதில் பாதியை நாங்கள் இனாமாகவே செய்துகொண்டிருந்தோம். இது தம்பியின் வேலை என்று எழுத ஆசைதான். ஆனால் அன்று அந்தக் கம்பியைச் செருகியவன் நான்.

கம்பியை மாற்றியதும் பாடகி நடுவில் வந்து நின்றார். ஆனாலும் கழுத்து வரையில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றார். போர்வை, மூலையில் இருந்த கனப் பெட்டி. சுவரை ஒட்டி வைத்தாலே கனத்த ஓசை பெருகும். இரண்டு சுவர் கூடும் மூலையில் கேட்பானேன்? அதைச் சுவரோரமாக ஆனால் மூலையை விட்டு நகர்த்தி, 80 ஹெர்ட்ஸுக்கு மேல் வாயைத் திறக்காதபடி அதன் திருகைத் திருப்பி, சப்தத்தையும் பாதிக்குக் குறைத்தேன். மற்ற இரண்டு ஸ்பீக்கர்களையும் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தால் காது மட்டத்துக்கு வரும்படி முக்காலிகளின் மேல் ஏற்றினேன். முகங்களைச் சற்று உள்பக்கமாக அவரை நோக்கித் திருப்பினேன்.

ஆம்ப்ளிபயரில் ‘லௌட்னஸ்’ என்று ஒரு பொத்தான் உண்டு. மெதுவாக வைத்துக் கேட்கும்போது மனிதக் காது கனத்த ஓசையைக் குறைவாகவே உணர்கிறது என்பதை 1933-இல் அமெரிக்காவில் பிளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டினார்கள். அந்தக் குறையை ஈடுசெய்யவே இந்தப் பொத்தான். நம் வீடுகளிலோ பாட்டு ஊரைக் கூட்டும்போதும் அது அமுங்கியே கிடக்கிறது. அதை விடுவித்தேன். கூடத்தைக் கோவில் மண்டபமாக்கும் ‘ஹால்’ என்ற ஏற்பாடும் ஒழிந்தது. சிமெண்டுத் தரையும் சிமெண்டுச் சுவரும் செய்கிற எதிரொலியே நமக்குத் தாராளம்! கை தட்டிப் பார்த்தேன், ‘கிணிங்’ என்றது. ஒரு ஜமக்காளத்தை விரித்து, எதிர்ச் சுவரில் புத்தக அலமாரியை நகர்த்தி வைத்த பிறகு தட்டினால் வெறும் கைதட்டலாக இருந்தது. என் புத்தகங்களால் வீட்டுக்கு ஏற்பட்ட முதல் பிரயோஜனம் என்று என் மனைவி அபிப்பிராயப்பட்டாள்.

கடைசியாகத்தான் ஈக்வலைஸரில் கை வைத்தேன். பெரும்பாலோர் முதலில் போவது அங்கேதான். 250 ஹெர்ட்ஸ் பக்கம் மூன்று டெஸிபல் குறைத்தேன். 3,000 பக்கம் இரண்டு கூட்டினேன். அதற்கு மேல் ஏற்றினால் குரல் முன்னால் வருவதற்குப் பதில் முகத்தில் வந்து விழும். ‘ஸ’ எல்லாம் சீறும். சரியாயிற்றா என்று அன்றே முடிவு செய்யவும் கூடாது. காது வெகு சீக்கிரம் எதற்கும் பழகிவிடுகிறது. மறுநாள் காலையில் கேட்டுப் பார்த்தேன். கூட்டியதில் ஒன்றைக் குறைத்தேன்.

பிறகு அப்பாவை அழைத்தேன். “எனக்கு எதற்கடா?” என்றுகொண்டே வந்து உட்கார்ந்தார். பாட்டு முடிகிற வரையில் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், “இன்னொரு தரம் போடு” என்றார். காது வைத்தியரிடம் அவரை அழைத்துப் போக வேண்டும் என்பது வேறு விஷயம். அடுத்த மாதம் போகிறோம்.

பொங்கலுக்குத் தம்பி வந்தான். வந்ததும் வராததுமாய்ச் சப் ஊபரைக் குனிந்து பார்த்தான்.

“யார் இதன் சப்தத்தைக் குறைத்தது?”

“நான்தான்” என்றார் அப்பா, நாற்காலியை விட்டு எழுந்திராமல்.