ஆசனங்களைக் கழற்றினால் வெறுமை மறையுமா?

அமெரிக்காவின் டெனசி மாநிலத்திலுள்ள பிரிஸ்டல் ஓடுபாதையில், 1982 முதல் 2009 வரை தொடர்ச்சியாக 55 நாஸ்கார் கார்ப் பந்தயங்களுக்கு நுழைவுச்சீட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்தன. 2010 மார்ச்சில் அந்தத் தொடர் அறுந்தது. 2008 நிதி நெருக்கடிக்குப் பின்னர், இந்தப் பந்தயத்தின் உயிர்நாடியான உழைக்கும் குடும்பங்களால் பயணச் செலவையும் விடுதிச் செலவையும் தாங்க முடியவில்லை.

நிர்வாகங்கள் என்ன செய்தன? ஆசனங்களைக் கழற்றின. ஒரு இலட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் அமர்ந்த மிச்சிகன் ஓடுபாதை, பாதிக்கும் கீழே சுருங்கியது. டேடோனாவை 400 மில்லியன் டொலர் செலவில் புதுப்பித்து 2016இல் திறந்தபோது, பின்பக்க அரங்கு இருக்கவில்லை. 2013 முதல் பார்வையாளர் எண்ணிக்கை வெளியிடுவதையும் நாஸ்கார் நிறுத்திவிட்டது.

இதை வெறும் சிக்கன நடவடிக்கையாக நான் பார்க்கவில்லை. 2025 முதல் 2031 வரையான ஒளிபரப்பு உரிமையின் பெறுமதி 7.7 பில்லியன் டொலர். பணம் தொலைக்காட்சியிலிருந்து வருகையில், கமெராவுக்கு வெற்று ஆசனம் தெரியாதிருந்தால் போதும். நட்டம் ஓடுபாதையை நம்பியிருந்த ஊர்க் கடைக்காரருக்குத்தான்.

எண்ணுவதை நிறுத்திவிடலாம். அதனால் வராதவர்கள் வந்தவர்களாகிவிட மாட்டார்கள். அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கும் ஆளில்லாமல் போகும்.