மனையும் மண்ணும்

வீடு கட்ட நினைப்பவர்களில் பலர் மனையடி சாஸ்திரம் பார்க்கிறார்கள், மண்ணைப் பார்ப்பதில்லை.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமியை எடுத்துக்கொள்வோம். மழையில் அது உப்பும். கோடையில் சுருங்கி, கை நுழையும்படி வெடிக்கும். ஆழமற்ற அஸ்திவாரமானால் சுவரும் கூடவே வெடிக்கும். அடியிலுள்ள கெட்டி நிலம்வரை அஸ்திவாரம் இறங்கவேண்டும். பருத்தி செழிக்கும் அம்மண் கழிவு நீரை உறிஞ்சுவதில் மகா மந்தம். அடைமழையில் உறிஞ்சு குழி நிரம்பி முற்றத்துக்கே வந்துவிடும்.

திருவான்மியூர்க் கடலோர மணலோ இதற்கு நேர்மாறு. விட்ட ஜலம் க்ஷணத்தில் மறையும். தென்னை வளரும், ஆனால் மக்கிய தொழு உரம் அடிக்கடி இடாவிட்டால் காய்கறித் தோட்டம் வாடும். கழிவு நீரும் சரியாக வடிகட்டப்படாமல் கிணற்றை அடைந்து, குழந்தைகளுக்கு டைபாய்டு ஜுரத்தைக் கொண்டுவரக்கூடும். ஆகையால் குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் 18 மீட்டராவது இடைவெளி அவசியம்.

மண்ணைப் பரீட்சிப்பது சுலபம். உறிஞ்சு குழி அமையும் ஆழத்தில் சிறு பள்ளம் தோண்டி, ஜலம் நிரப்பி ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் மீண்டும் ஜலம் விட்டுக் கவனியுங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட இறங்காவிட்டால் அங்கே உறிஞ்சு குழியை நம்பவேண்டாம். கொத்தனாருக்கு அச்சாரம் கொடுக்குமுன் இதைச் செய்துவிடுங்கள்.