யாருடைய அமைதி?

அடி அண்ணாமலையில் ஒரு மாலை, வேலை முடிந்து தோழர்கள் கூடியிருந்தோம். ஒரு விவசாயத் தொழிலாளி கேட்டார்: "ஒரு நாட்டில் குழப்பம் மூண்டால், அன்னிய நாட்டுத் தூதர்கள் தலையிட்டு ஊரில் அமைதி காப்பது நல்லதுதானே, தோழரே?"

நியாயமான கேள்வி. சீனத்து ஷாங்காய் நகரம் இதற்குப் பதில் சொல்லும்.

1853-ல் மன்னராட்சியை எதிர்த்த கலகக்காரர்கள் அந்நகரின் பழைய கோட்டைப் பகுதியைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ், அமெரிக்க, பிரெஞ்சுத் தூதர்கள் மூவரும் கூடினார்கள். வெள்ளையர் குடியிருந்த பகுதிக்குத் தனி முனிசிபல் கவுன்சில் அமைத்தார்கள். தனிப் போலீஸ் வைத்தார்கள். துறைமுகச் சுங்க வசூலிலும் கை வைத்தார்கள். எல்லாம் அமைதிக்காகவாம்!

1855-ல் கலகம் ஒடுங்கியது. தூதர்கள் வைத்த காவல் போயிற்றா? இல்லை. அன்னிய ஆதிக்கம் 1940-கள் வரை நீடித்தது. சீன ஜனங்கள் வரி கட்டினார்கள். ஆனால் 1928 வரை அந்தக் கவுன்சிலில் அவர்களுக்கு ஓர் இடம்கூடக் கிடையாது.

அந்த அமைதி யாருக்கு உதவியது? 1925 மே மாதத்தில், ஜப்பானிய முதலாளியின் பஞ்சாலையில் கூ செங் ஹுங் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். நியாயம் கேட்டு மாணவரும் தொழிலாளரும் திரண்டார்கள். மே 30-ம் தேதி, தூதர்கள் தோற்றுவித்த அதே போலீஸ், பிரிட்டிஷ் இன்ஸ்பெக்டரின் உத்தரவின்பேரில் அவர்களைச் சுட்டது. பலர் மாண்டார்கள். கொதித்தெழுந்த ஷாங்காய்த் தொழிலாளர்கள் மாபெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

தோழர்களே! அன்று சுட்டவர்களில் நம் நாட்டவரும் இருந்தார்கள். பிழைப்புத் தேடிக் கடல் கடந்த சீக்கியப் போலீஸார். அவர்களும் உழவன் வீட்டுப் பிள்ளைகள்தாம். உத்தரவு வெள்ளையனுடையது, விரல் ஏழையுடையது, செத்தவனும் ஏழை. 1927-ல் இந்தியப் பட்டாளத்தையே ஷாங்காய்க்கு அனுப்பியது பிரிட்டிஷ் சர்க்கார். அவ்வாண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை அதைக் கண்டித்தது.

உயிருக்கு அஞ்சி ஓடி வருபவனுக்குத் தூதர் அடைக்கலம் கொடுத்தால் அதை நாம் குறை சொல்ல மாட்டோம். அது மனிதத் தன்மை. ஆனால் அடைக்கலம் வேறு, ஆட்சி வேறு.

எங்கே எவர் "அமைதி காக்கிறேன்" என்று வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். யாருடைய சொத்துக்குக் காவல்? யாருடைய வரியில் காவல்? யாருடைய பிள்ளை கையில் துப்பாக்கி? நம் வீட்டுப் பிள்ளைகளும் காக்கி உடுத்துகிறார்கள். அவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.