கவனக்குறைவு என்று எழுதும் முன்



நம் மாவட்டத்தில் பட்டாசு ஆலை ஒன்றில் வெடி விபத்து நடந்தால், மறுநாள் பேச்சில் இரண்டு சொற்கள் தவறாமல் வரும். ஒன்று "உராய்வு". இன்னொன்று "தொழிலாளியின் கவனக்குறைவு". முதல் சொல் வேதியியல். அதோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவது சொல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கவனம் என்றால், வேலை செய்கிற கையையே கண் பார்த்துக்கொண்டிருப்பது என்று பலரும் நினைக்கிறோம். உண்மை அப்படி இல்லை. பூக்கட்டும் அம்மாவைப் பாருங்கள். விரல் முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் கண் அடுத்த பூவுக்குப் போய்விடும். நம் ஊர் எண்ணெய் பரோட்டாக் கடையில் மாஸ்டரைப் பாருங்கள். கை மாவை வீசிக்கொண்டிருக்கும். கண் கல்லில் இருக்கும்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் லேண்ட் என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும் 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். டீ போடுகிறவர்களின் தலையில் சிறிய கேமராவைப் பொருத்தி, கண் எங்கே போகிறது, கை எங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். கை ஒரு பொருளில் வேலையைத் தொடங்குவதற்குச் சுமார் அரை நொடி முன்பே கண் அங்கே போய்விடுகிறது. அதேபோல், கை அந்த வேலையை முடிப்பதற்குச் சுமார் அரை நொடி முன்பே கண் அடுத்த பொருளுக்குக் கிளம்பிவிடுகிறது. கடைசி அரை நொடி வேலையைக் கை தானாகவே முடிக்கிறது. அடுத்த ஆண்டு அவரே கிரிக்கெட் ஆட்டக்காரர்களை ஆராய்ந்தார். நல்ல மட்டையாளர் பந்தையே தொடர்ந்து பார்ப்பதில்லை. அது தரையில் எங்கே குத்தும் என்று கணித்து, கண்ணை முன்கூட்டியே அங்கே அனுப்பிவிடுகிறார்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், அந்த நகத்தின் அகலம் அளவுக்குத்தான் நம் கண்ணுக்கு மிகத் தெளிவாகத் தெரியும். மற்றதெல்லாம் மங்கல்தான். அதனால்தான் கண் ஒரு நொடிக்கு மூன்று முறை வரை இடம் மாறுகிறது. அடுத்து எதை எடுப்பது, எவ்வளவு போடுவது, எங்கே வைப்பது என்ற முடிவுகளையும், அந்தந்த நேரத்தில் கண் கொண்டுவரும் தகவலை வைத்தே எடுக்கிறோம். திரும்பப் பார்க்க வசதி இருந்தால் மனிதன் திரும்பப் பார்க்கிறான். பார்க்க வேண்டியது தூரத்தில் இருந்தால் நினைவை நம்பிக் கையை நீட்டுகிறான்.

இப்போது மருந்து செலுத்தும் அறைக்கு வாருங்கள். அங்கே வேலை செய்யும் பெண்ணின் கண் கைக்கு முன்னால் ஓடுகிறது என்றால், அது கவனக்குறைவு இல்லை. அதுதான் அவள் கற்ற தொழில். கை பழகப் பழகக் கண் முன்னே போகும். ஆனால் வெளியூரில் டீ சிந்தினால் துடைத்துவிடலாம். இங்கே மருந்து சிந்தினால் உயிர் போகும். ஆகவே, அந்த அரை நொடியைக் காப்பாற்ற வேண்டியது அவளுடைய கண் மட்டும்தான் என்று விட்டுவிடுவது நியாயமா?

எண்ணிக்கைக்குத்தான் கூலி என்று வைத்தால், யாராக இருந்தாலும் முதலில் மிச்சம் பிடிப்பது திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு பார்வையைத்தான். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேரை உட்கார வைத்தால், எந்தச் சாமானும் வைத்த இடத்தில் இருக்காது. கண் தேட வேண்டியிருக்கும். கை அதுவரை காத்திருக்காது. உள்குத்தகைக்கு விட்ட ஆலையில் இதையெல்லாம் யார் கேட்பது?

எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளும் உண்டு. உடம்பிலும் துணியிலும் சேரும் நிலைமின்சாரம் தெரியாது. ஈரம் பட்ட அலுமினியப் பொடிக் கலவைக்குள் மெல்ல ஏறும் சூடும் தெரியாது. பருத்தித் துணி, தரையோடு இணைத்த உலோகத் தகடு, மிஞ்சிய மருந்தை மறுநாளுக்கு வைக்காமல் இருப்பது ஆகியவைதான் அதற்குக் காவல். இவற்றுக்கு ஏற்பாடு செய்யாதவர், இறந்தவளின் கவனத்தைப் பற்றிப் பேசக்கூடாது.

"அவசரப்படுவது அவர்கள்தானே, கூடுதல் கூலிக்கு ஆசைப்பட்டு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆசை இல்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் வாங்கிய கடனுக்கும் வரும் ஆசை அது. அந்த ஆசையை மருந்தோடு ஒரே அறையில் வைத்தது கூலி முறைதான்.

2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல; உதவிக்கும் பார்ப்பதற்கும் ஓடிய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்கள் பக்கம் என்ன கவனக்குறைவைக் கண்டோம்?

என் மாணவர்களில் இன்று போர்மேனாக இருப்பவர்கள் உண்டு, ஆலை நடத்துபவர்கள் உண்டு, அரசுப் பணியில் இருப்பவர்களும் உண்டு. உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். மருந்து தொடும் அறைகளிலாவது எண்ணிக்கைக் கூலியை விட்டு நாள் கூலி கொடுங்கள். அறைக்கு இத்தனை பேர் என்ற விதியைச் சோதனை நாளில் மட்டுமல்ல, தீபாவளி நெருக்கடியிலும் காப்பாற்றுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் மாறாத இடம் ஒன்று வையுங்கள். கண் திரும்பிப் பார்க்க நேரமும் கொடுங்கள். செய்தி எழுதும் பிள்ளைகளே, அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், கூலி எப்படி, ஆலை யார் கையில் இருந்தது என்று மூன்று கேள்விகள் கேட்டுவிட்டுப் பிறகு காரணம் எழுதுங்கள்.

இதைப் படிக்கும் பட்டாசுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் அம்மாவிடமும் அப்பாவிடமும் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் அறையில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். பதிலை எனக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்