"லேசான சுகர்"னு ஒண்ணு இருக்கா?

நேத்து ராத்திரி ஊருக்கு போன் போட்டேன். கரமனையில் இருக்கும் அப்பாவிடம் வழக்கமான கேள்வி, "சுகர் எப்படிப்பா இருக்கு?"

வழக்கமான பதில், "லேசாத்தான் மக்ளே. மாத்திரை போடுகேம்லா."

"கண்ணைக் காட்டினீங்களா?"

"நல்லாத்தானே தெரியுது, பொறவு எதுக்குக் காட்டணும்?"

பத்து வருஷமா இதே பதில். நானும் நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு "சரிப்பா" என்று போனை வைத்துவிடுவேன். இந்த முறை முடியவில்லை. காரணம், பெரியப்பா. அவரும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் பேப்பரை விரித்தால் கண்ணுக்குள் கறுப்பு நூல் நூலாக ஓடியதாம். விழித்திரையில் ரத்தக் கசிவு. லேசர், ஊசி எல்லாம் ஆச்சு. இப்போது ஒரு கண்ணால்தான் பேப்பர் படிக்கிறார்.

சுகரில் இதுதான் கஷ்டம். கண், கிட்னி, கால் நரம்பு என்று சத்தமில்லாமல் அரிக்கும். வலி இருக்காது. பார்வை மங்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும். அதனால் "நல்லாத் தெரியுது" என்பது டெஸ்ட் வேண்டாம் என்பதற்குக் காரணமே இல்லை. டெஸ்ட் செய்ய அதுதான் சரியான நேரம்.

2023-ல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி கேரளாவில் 25.5 சதவீதம் பேருக்கு சுகர். அதாவது பெரியவர்களில் நாலில் ஒருத்தர். எல்லார் வீட்டிலும் இருப்பதால்தானோ என்னவோ, ஜலதோஷம் மாதிரி ஆகிவிட்டது!

வசதி இல்லை என்றும் சொல்ல முடியாது. விழித்திரையைப் படம் பிடித்துப் பார்க்கும் "நயனாமிர்தம்" திட்டத்தை கேரள அரசு முதலில் ஆரம்பித்ததே நம்ம திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான், 16 குடும்ப சுகாதார நிலையங்களில். நர்ஸ் படம் எடுப்பார், கண் ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் பார்த்துச் சொல்வார்கள். பெரியாஸ்பத்திரி வரை போய்க் காத்துக் கிடக்க வேண்டாம்.

"சும்மா பயமுறுத்தாதே" என்பார்கள். பயமுறுத்தவில்லைங்க, நல்ல சேதிதான் சொல்கிறேன். 1998-ல் வெளியான பிரிட்டனின் யூகேபிடிஎஸ் ஆய்வில், சுகர் தெரிந்த உடனே இறுக்கிப் பிடித்தவர்களுக்கு கண், கிட்னி போன்ற சின்ன ரத்தக்குழாய் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. பின்னாளில் மற்றவர்களின் சுகர் அளவும் இவர்களோடு சமமாகிவிட்டது. அப்புறமும் இவர்களுக்கு அந்த லாபம் நீடித்தது. ஆரம்பத்தில் படுகிற பாடு வீண்போகாது.

வெளியூரில் இருக்கிற நம்மால் ஆவது ஒன்றுதான். "சுகர் எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "லேசா இருக்கு" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: மூணு மாச சராசரி சொல்லும் எச்பிஏ1சி எவ்வளவு? பிரஷர் எவ்வளவு? இந்த வருஷம் விழித்திரையைப் படம் எடுத்தாச்சா? சிறுநீரில் ஆல்புமின் பார்த்தாச்சா? பாதத்தை டாக்டர் தொட்டுப் பார்த்தாரா?

அப்பாவை வரும் சனிக்கிழமை அக்கா கூட்டிக்கொண்டு போகிறாள். முணுமுணுத்துக்கொண்டேதான் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு நம்பர் கேட்பேன். "லேசா" என்றால் விடப்போவதில்லை.