ஏசியை ஆஃப் பண்ணிட்டுப் போனால் கரண்ட் பில் அதிகமாகுமா?

காலை 9 மணிக்கு ஆபீஸ் கிளம்பறீங்க. ஏசியை அணைக்கப் போனா வீட்டில் ஒரு குரல்: "ஓடட்டும் விடு, திரும்பப் போட்டாத்தான் கரண்ட் ஜாஸ்தி இழுக்கும்." இது உண்மையா?

இல்லை. வெளியே 38 டிகிரி, அறைக்குள்ளே 24 டிகிரி என்றால் வித்தியாசம் 14. அந்த வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, சுவர் வழியே வெப்பம் அவ்வளவு வேகமாக உள்ளே வரும். ஏசியை அணைத்ததும் அறை மெல்லச் சூடாகி 34-ஐத் தொட்டால் வித்தியாசம் வெறும் 4. உள்ளே வரும் வெப்பமும் குறைந்துவிடும். மாலையில் வந்து ஏசி போடும்போது வெளியேற்ற வேண்டியது, இப்படிக் குறைவாக வந்த வெப்பத்தை மட்டும்தான். நாள் முழுக்க ஓடினால், முழு வேகத்தில் வந்துகொண்டே இருக்கும் வெப்பத்தை எட்டு, ஒன்பது மணி நேரமும் வெளியே தள்ள வேண்டும்.

அப்போ இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? வீடு திரும்பியதும் ஏசி முக்கால் மணி நேரம் மூச்சு வாங்க ஓடுவது நம் கண்ணில் படுகிறது. நாம் இல்லாதபோது ஓடுவது படுவதில்லை. கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது கரண்ட் எகிறுவது நிஜம்தான், ஆனால் அது கண நேரம். பழைய நான்-இன்வெர்ட்டர் ஏசி தெர்மோஸ்டாட் சொல்படி தானாகவே அணைந்து அணைந்து இதைத்தானே செய்கிறது!

இன்வெர்ட்டர் ஏசியில் மட்டும் கொஞ்சம் யோசிக்கணும். மெதுவாக ஓடும்போது அதன் திறன் கூடுதல். அதனால் பால் வாங்க, பார்சல் எடுக்க என்று பத்து, இருபது நிமிஷம் வெளியே போறதுக்கு அணைத்தால் பெரிய லாபம் இல்லை. மணிக்கணக்கில் போனால் அணைப்பதே லாபம். மொட்டை மாடிக்குக் கீழ் இருக்கும் வீடுகளில் கான்கிரீட் பகல் வெயிலைச் சேமித்து வைத்து இரவில் கக்கும். அங்கே அறை குளிர லேட் ஆகும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. ரெண்டு மாசத்துக்கு ஒரு முறை ரீடிங். 2022 செப்டம்பர் கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25. 500-ஐத் தாண்டினால் அதே யூனிட்டுகளுக்கு ரூ.4.50. அதாவது 501-வது யூனிட்டின் விலை ரூ.8 மட்டும் இல்லை, கூடவே ரூ.225. அதன் பிறகு ரேட் கொஞ்சம் ஏறியிருக்கு. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் ஒன்றரை யூனிட். மே மாசத்தில் 480-ல் நிற்கும் வீட்டுக்கு, ஆளில்லாத அறையில் ஓடும் சில பகல்களே அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கப் போதும்.