வயசின் மேல் பழி போடாதீர்கள்

சூலூர்ப் பக்கம் ஒரு சீர் வீட்டில் போன வாரம் அந்தப் பேச்சு மறுபடியும் காதில் விழுந்தது. அந்த வீட்டு ஆத்தா, சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர்களிடமே “சாப்டுட்டுப் போ சாமி” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். காலமெல்லாம் தான் புழங்கிய அடுப்படியில் சர்க்கரை டப்பா எங்கே என்று தெரியாமல் விழித்தார். டாக்டரிடம் காட்டினீர்களா என்று மகனிடம் கேட்டேன். “வயசாச்சுல்லங்க, மறதி வரத்தானுங்க செய்யும்” என்றார். சுற்றி இருந்த படித்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வயசுதான் காரணம் என்றால், மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் தேக்கம்பட்டியில் வாழ்ந்த பாப்பம்மாளுக்கு என்ன பதில்? 2021-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு 105 வயது. அப்போதும் தோட்டத்தில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார். 2024 செப்டம்பரில் அவர் மறைந்தபோது நம் ஜில்லாவே அவர் படத்தை வாட்ஸப்பில் அனுப்பிப் பெருமைப்பட்டது. அதே ஜனம், சொந்த ஆத்தா எழுபதில் தடுமாறினால் வயசு என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறது. முப்பத்தைந்து வருஷம் மூத்தவர் காட்டில் நின்று வேலை செய்தார், இவர் அடுப்படியில் திகைத்து நிற்கிறார். இவரைத் திகைக்க வைப்பது வயசு அல்ல, நோய்.

இந்தியா முழுக்க நடந்த லாசி-டாட் ஆய்வு, அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதிநோய் என்று மதிப்பிட்டது. நூறு பேரில் மீதி 92-க்கும் மேற்பட்டவர்களுக்கும்தான் வயசாகிறது. 1906-இல் ஜெர்மனியில் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த நோயாளி அகுஸ்தே டீட்டர், மருத்துவமனையில் சேர்ந்தபோது 51 வயதுப் பெண். அவரைக் கிழவி என்று யாரும் சொல்ல முடியாது. பாப்பம்மாளின் வயதில் பாதிகூட இல்லை.

“வயசாச்சு” என்ற இந்த ஒற்றை வாக்கியத்தால் எத்தனை பேரைக் கைவிடுகிறோம்! தைராய்டு குறைந்தாலும் பி12 சத்து குறைந்தாலும் மனச்சோர்வு பிடித்தாலும் மறதி வரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகாமல் வல்லாரை லேகியம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்கிறார்கள்.

லான்செட் குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கை, பதினான்கு காரணங்களைச் சரிசெய்தால் உலகில் மறதிநோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. அவற்றில் சுகர், பிரஷர் உண்டு. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிற அவற்றுக்கான மாத்திரையை “நல்லாத்தான இருக்கேன்” என்று சன்னல் திண்டில் போட்டு வைக்கிறார்கள். அது மூளைக்கும் காவல் என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அந்தப் பட்டியலில் காது கேளாமையும் இருக்கிறது. சோமனூரிலோ பல்லடத்திலோ ஒரு விசைத்தறிக் கூடத்துக்குள் நின்று பாருங்கள். பக்கத்துத் தறிக்காரரைக் கூப்பிடக் கைதான் அசைக்க வேண்டும், குரல் எட்டாது. பஞ்சும் நூலும் தூசியாகப் பறக்கிற அந்த இரைச்சலில் முப்பது வருஷம் நின்றவருக்கு அறுபதில் காது மந்தமாகிறது. பேச்சு பிடிபடாததால் மெல்ல ஒதுங்கிப்போய்த் திண்ணையில் உட்காருகிறார். “பெருசுக்கு வயசாயிடுச்சு” என்று வீடு முடிவு கட்டிவிடுகிறது. கண்ணுக்குக் கண்ணாடி போட வெட்கப்படாத நாம், காதுக்கு மெஷின் வைத்தால் மானம் போகிறது என்கிறோம். தறிக்கூட முதலாளிகள் காதடைப்பான் வாங்கித் தருவதைச் செலவாக எண்ணுகிறார்கள்.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. “அவங்களுக்கு ஒண்ணும் ஞாபகமில்லீங்க” என்று ஆத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாத பிள்ளைகள், நிலத்துக்குக் கைநாட்டு வாங்க மட்டும் காரில் வைத்து சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். ஏக்கர் விலை கோடியைத் தொடுகிற ஊரில் இது சின்ன விஷயமல்ல. நோய் என்று ஒப்புக்கொண்டால் அந்தப் பத்திரம் செல்லுமா என்ற கேள்வி எழும். மறதியை இயல்பு என்று சொல்வதில் சிலருக்கு லாபமே இருக்கிறது.

கர்நாடகத்துக் கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில், பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இருக்கிற மூளை ஆராய்ச்சி மையம், 45 வயதைத் தாண்டிய கிராமத்து மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சோதித்துவருகிறது. அறிகுறி வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே மூளைக்குள் நோய் தொடங்கிவிடுவதால்தான் அத்தனை சீக்கிரம் ஆரம்பிக்கிறார்கள். அப்படி ஓர் ஆய்வு சோமனூர்த் தறிக்காரர்களிடமும் நடக்க வேண்டும். காசு இல்லை என்று கோயமுத்தூர் சொல்ல முடியாது. தறிதான் இந்த ஊருக்குக் காசு கொடுத்தது.